நரம்பு மேல நரம்பு ஏறுமா?

பழைய வண்ணை பாக்ஸர்:
நேத்து இந்த குரூப்ல ஒரு தம்பி எழுதியிருந்தார். கணுக்கால் பிசகி 4 மாசமா வலியாம். பிசியோகிட்ட போனாராம், சாஃப்ட் டிஷ்யூ ரிலீஸ்னு சொல்லி 40 நிமிஷம் கட்டைவிரலால நீவினாங்களாம். "நரம்பு மேல நரம்பு ஏறி இருந்துச்சு, எடுத்து விட்டாங்க, ஒரே சிட்டிங்ல வலி போச்சு"ன்னு முடிச்சிருந்தார். கீழ வரிசையா கைதட்டல் வேற.
படிக்கும்போதே டீ புரை ஏறிடுச்சு. நரம்பு மேல நரம்பு ஏறாது தம்பி. அது என்ன பேசின் பிரிட்ஜ் தண்டவாளமா, ஒன்னு மேல ஒன்னு போறதுக்கு? விரலுக்கு அடியில உருளுதே, அது தசைநார், தசையை எலும்போட கட்டுற நார். இல்லேன்னா இறுகிப்போன தசை. 22 வருஷம் கிளவுஸ் மாட்டினவன் சொல்றேன்.

வியாசை லெஃப்ட் பேக்:
அந்தத் தம்பி நான்தாண்ணே. நேராவே திட்டியிருக்கலாம். கால் என்னோடது, ஏறலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்? வெளிப்பக்க கணுவுக்குப் பின்னாடி கயிறு மாதிரி ஒன்னு. பாதத்தைத் திருப்பினா எலும்பு மேல ஏறி இறங்கும், கண்ணாலயே பாக்கலாம். சிட்டிங் முடிஞ்ச ஞாயித்துக்கிழமை முழு மேட்ச் ஆடினேன். இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும்?

தைலக்கார தாத்தா பேரன்:
ரெண்டு பேரும் தப்பு. 40 நிமிஷத்துக்கு 800 ரூபா குடுத்தியே தம்பி, அதுதான் பெரிய தப்பு. எங்க தாத்தா தண்டையார்பேட்டையில திண்ணையில குந்த வெச்சு, வெத்தலை பாக்கோட 11 ரூபா வாங்கிட்டு சுளுக்கு எடுத்தவர். சித்த வைத்தியத்துல தொக்கணம்னு நீவுற முறையே 9 வகை இருக்கு. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல், கைகட்டல், அழுத்தல், இழுத்தல், மல்லாத்துதல், அசைத்தல். இதையே இங்கிலீஷ்ல பேர் வெச்சு ஏசி ரூம்ல பண்ணா நம்ம பசங்க க்யூல நிக்கிறாங்க. அப்புறம், நரம்பு மேல நரம்பு ஏறும். தாத்தா சொல்லியிருக்கார்.

பழைய வண்ணை பாக்ஸர்:
தாத்தா மேல மரியாதை உண்டு. ஆனா ஏறாது.

ஐஸ் பொட்டி காசிமேடு:
இன்னாபா சண்டை. எனுக்கு 3 வருஷமா இடுப்பு வலி. மீன் பொட்டி தூக்குற வேலை. இந்த நீவுறது கேக்குமா கேக்காதா, அத சொல்லுங்க மொதல்ல.

பிசியோ அக்கா, பெரம்பூர்:
நரம்புன்னு நீங்க ஒவ்வொருத்தரும் எதைச் சொல்றீங்க? நம்ம ஊர்ல ரத்தக்குழாயும் நரம்பு, தசைநாரும் நரம்பு, நெர்வும் நரம்பு. லெஃப்ட் பேக் சொல்றதைப் பார்த்தா பெரோனியல் தசைநார் மாதிரி தெரியுது. அது எலும்பைத் தாண்டி நழுவுதுன்னா நீவினா மட்டும் நிக்காது. ஒருத்தர் கையால பார்த்துட்டு, தேவைப்பட்டா ஸ்கேன் எடுக்கணும். அதுவரைக்கும் மேட்ச் ஆடாதீங்க.
காசிமேடு அண்ணே, வலி காலுக்கு இறங்குதா? மரத்துப் போகுதா?

வியாசை லெஃப்ட் பேக்:
பார்த்தீங்களாண்ணே! அக்காவே எலும்பைத் தாண்டி நழுவும்னு சொல்லிட்டாங்க. ஏறுதா இல்லையா?

பழைய வண்ணை பாக்ஸர்:
"பெரோனியல் தசைநார்"னு எழுதியிருக்காங்க. நரம்புன்னு எழுதலை. கண்ணாடி போட்டுப் படி. அந்தக் கடைசி வரியையும் படி, மேட்ச் ஆடாதேன்னு போட்டிருக்கு. அது மட்டும் உனக்குத் தெரியாதே.
என் கதையைக் கேளு. 98-ல ரிங்ல இருந்து விழுந்து முழங்கையில அடி. மறுநாளே ஒருத்தர்கிட்ட போனேன், யாருன்னு சொல்ல மாட்டேன், இப்ப இல்ல. வீங்கி, தொட்டா சூடு தெரியுது, அது மேல விளக்கெண்ணெய் ஊத்தி முட்டியை வெச்சு அழுத்தினார். "நரம்பு ஏறிக்கிச்சு, கத்துனா கத்து"ன்னார். கத்தினேன். 2 மாசம் கழிச்சு எக்ஸ்ரே எடுத்தா தசைக்குள்ள எலும்பு வளர்ந்திருக்கு. மயோசைடிஸ் ஆஸிஃபிகன்ஸ்னு பேர். இன்னிக்கும் அந்தக் கை முழுசா நீளாது. 56சி பஸ்ல மேல் கம்பியைப் பிடிச்சா என் சட்டை மட்டும் ஒரு பக்கம் தூக்கிட்டு நிக்கும். அந்த ஒரு வார்த்தையாலதான்யா. நரம்பு ஏறிக்கிச்சுன்ற அந்த ஒரு வார்த்தை.

தைலக்கார தாத்தா பேரன்:
யாரோ அரைகுறை பண்ணதுக்கு எங்க பரம்பரையை ஏன் இழுக்கிறீங்க? வீக்கத்து மேல தாத்தா கையே வைக்க மாட்டார். முட்டை வெள்ளைக்கருவும் உளுந்து மாவும் பத்து போட்டு 3 நாள் கழிச்சு வான்னு அனுப்பிடுவார்.

பிசியோ அக்கா, பெரம்பூர்:
அதுல தாத்தா சரிதான். புது அடியில முதல் 2, 3 நாள் அழுத்தி நீவவே கூடாது. காலை ஊனி 4 அடி கூட நடக்க முடியலைன்னா முதல்ல எக்ஸ்ரே.

தைலக்கார தாத்தா பேரன்:
அக்காவே சொல்லிட்டாங்க, தாத்தா சரி. ஆக நரம்பு ஏறும்.

கேரம் ஸ்ட்ரைக்கர்:
எனக்குக் கழுத்துக்குக் கீழ, தோள் எலும்பு ஓரமா ஒரு முடிச்சு. 6 மணி நேரம் போர்டு மேல குனிஞ்சா கல்லு மாதிரி ஆயிடும். பிசியோ ரிலீஸ் பண்ணாங்க, டோர்னமெண்ட் வரைக்கும் தாங்குச்சு. ஸ்போர்ட்ஸ் இஞ்சுரிக்கு நல்லாவே கேக்குது.

பழைய வண்ணை பாக்ஸர்:
கேரம்ல ஸ்போர்ட்ஸ் இஞ்சுரியா? பவுடர் கண்ல பட்டுச்சா?

கேரம் ஸ்ட்ரைக்கர்:
இதுக்குத்தான் வடசென்னையில பாக்ஸருங்க வாயைத் திறக்கக் கூடாதுன்றது. கேரம் சாம்பியன் மரிய இருதயம் 1996-ல அர்ஜுனா விருது வாங்கினது என்ன பவுடர் அடிச்சதுக்கா? நம்ம ஏரியா காசிமா, ஆட்டோ ஓட்டுறவர் பொண்ணு, 2024-ல அமெரிக்காவுல கேரம் உலகக் கோப்பையில 3 தங்கம். உங்க கிளப்ல மொத்தம் எத்தனைண்ணே?

பழைய வண்ணை பாக்ஸர்:
காசிமாவைப் பத்தி நான் பேசலை. உன்னைப் பத்திப் பேசினேன். உன் முடிச்சும் நரம்பு இல்ல.

கேரம் ஸ்ட்ரைக்கர்:
நான் நரம்புன்னு சொல்லவே இல்லையே!

வியாசை லெஃப்ட் பேக்:
அண்ணன் அப்படித்தான். போன மாட்டுப் பொங்கல் செவன்ஸ் ஃபுட்பால்ல ரெஃபரியா நின்னு, பாக்ஸுக்குள்ள என்னை வெட்டினப்ப பெனால்டி இல்லைன்னார். அதே மாதிரி இப்ப நரம்பும் இல்லைன்றார். இவர் கண்ணுக்கு எதுவும் தெரியாது.

பழைய வண்ணை பாக்ஸர்:
நீயா விழுந்தே. அப்பவும் கணுக்காலைப் பிடிச்சுட்டுதான் உருண்டே. வியாசர்பாடி குட்டி பிரேசில்னு பேர் வாங்கினது பந்துக்கு, நடிப்புக்கு இல்ல.

பிசியோ அக்கா, பெரம்பூர்:
நீவுறதுல வலி குறையுறது நிஜம். ஆனா எதுவும் 'எடுத்து' விடறதில்ல. தசை தளருது, மூளை வலியைக் கொஞ்ச நேரம் அடக்குது. கீழ்முதுகு வலிக்கு மசாஜ் பத்தி 2015-ல காக்ரேன்ற மருத்துவ ஆய்வு அமைப்பு 25 ஆய்வுகளைத் தொகுத்தாங்க. கொஞ்ச நாளைக்குக் குறையுது, ஆதாரம் பலவீனம்னு எழுதினாங்க. அந்தக் கொஞ்ச நாளைக்குள்ள உடற்பயிற்சியை ஆரம்பிச்சாதான் உண்டு. இதைச் சொன்னா யாரும் திரும்ப வர்றதில்ல, கட்டைவிரல்தான் வேணும்ன்றாங்க. என் கட்டைவிரலுக்கு யார் ரிலீஸ் பண்றது?
ஒன்னு மட்டும் சொல்லிடறேன். முழங்கை உள்பக்கத்து அல்நர் நரம்பு, இடிச்சா ஷாக் அடிக்குமே, அது நிஜமான நரம்பு. சிலருக்குக் கையை மடக்கும்போது எலும்பு மேல ஏறி இறங்கும்.

வியாசை லெஃப்ட் பேக்:
ஏறுதுஊஊ!!!

தைலக்கார தாத்தா பேரன்:
தாத்தா வாழ்க.

பழைய வண்ணை பாக்ஸர்:
எலும்பு மேல ஏறுது. நரம்பு மேல நரம்பு ஏறலை. தமிழ்தானே எழுதியிருக்கு?

தைலக்கார தாத்தா பேரன்:
அது ஏறினா இதுவும் ஏறும்.

பழைய வண்ணை பாக்ஸர்:
ஏறாது.

ஐஸ் பொட்டி காசிமேடு:
யக்கா, காலுக்கு இறங்கல, மரத்தும் போவல. நீவுனா ரெண்டு நாள் ஷோக்கா கீது. மூணாம் நாள் குனிஞ்சு பொட்டிய தூக்குனா பழையபடி புட்சிக்குது. எக்ஸசைஸு இன்னா பண்ணனும், அத மட்டும் போடுங்க.

பிசியோ அக்கா, பெரம்பூர்:
அண்ணே, முதல்ல குனியுறதை மாத்தணும். இடுப்பை மடக்காம

வியாசை லெஃப்ட் பேக்:
பாக்ஸர் அண்ணே, கால் வீடியோ எடுத்துட்டேன். ஸ்லோமோஷன்ல. போடவா?

பழைய வண்ணை பாக்ஸர்:
போடு. ஸ்லோமோஷன்ல போட்டாலும் நரம்பு மேல நரம்பு ஏறாது. அந்தப் பெனால்டி வீடியோ இருந்தா அதையும் சேர்த்துப் போடு.

கேரம் ஸ்ட்ரைக்கர்:
கிளப்ல மொத்தம் எத்தனை மெடல்னு இன்னும் பதில் வரலை.

ஐஸ் பொட்டி காசிமேடு:
யக்கா, பாதியில நிக்குது பாருங்க. இடுப்ப மடக்காம, அப்பால இன்னா?