கால்சியம் 340, கேஹெச் 6: சுண்ணாம்பா, ரெண்டு பாட்டிலா?

பெரம்பூர்_பவளம்: 200 லிட்டர் கடல் தண்ணித் தொட்டி, உள்ள உயிர்ப் பவளம். கால்சியம் குளோரைடு ஊத்திட்டே இருக்கேன், கால்சியம் 340 பிபிஎம்மை (லிட்டருக்கு மில்லிகிராம்) விட்டு நகர மாட்டேங்குது. கேஹெச் (தண்ணியோட கார்பனேட் காரத்தன்மை) 6. பவள நுனி வெளுக்குது, பாறையில இருந்த ஊதா பாசி உதிருது. (பண்ணையில வளர்த்த இறக்குமதி பவளம், பேப்பர் இருக்கு. மன்னார் வளைகுடா சரக்கு இல்ல, வனவிலங்குச் சட்டம் அட்டவணை 1-னு யாரும் கிளம்பி வராதீங்க.) இனிமே என்ன ஊத்தறது?

ராயபுரம்_சுண்ணாம்பு: கால்க், அதாவது சுண்ணாம்புத் தண்ணி விடு ப்ரோ. கால்சியம் ஹைட்ராக்சைடு, வேற ஒண்ணும் இல்ல. பவளம் 20 பிபிஎம் கால்சியம் எடுத்தா கூடவே 2.8 கேஹெச்சும் எடுக்கும். சுண்ணாம்புத் தண்ணி அதே கணக்குல ரெண்டையும் திருப்பிக் குடுக்கும். குளோரைடு மட்டும் ஊத்தினா கேஹெச் எங்கேருந்து வரும்? ராத்திரி பிஹெச் இறங்கற நேரத்துல சொட்டு சொட்டா விடு.

வியாசர்பாடி_ரீஃப்: சுண்ணாம்புத் தண்ணியை உள்ள விடற மிதவை வால்வு ஒரு ராத்திரி மாட்டிக்கிட்டா மொத்த பக்கெட்டும் உள்ள போயிடும். அது பிஹெச் 12-க்கு மேல இருக்கற தண்ணி. காலைல தொட்டி மோர் மாதிரி நிக்கும். பேசாம ரெண்டு பாட்டில் வை, ஒண்ணுல குளோரைடு, இன்னொண்ணுல ஆப்ப சோடா. 100 லிட்டருக்கு ஆப்ப சோடா 3 கிராம் கரைச்சு விட்டா சுமார் 1 கேஹெச் ஏறும். அதையும் குளோரைடையும் ஒரே நேரத்துல ஒரே இடத்துல ஊத்தாத, வெள்ளையா படிஞ்சு வீணாப் போகும். பேக்கிங் பவுடர் வாங்கிடாத, அது வேற சரக்கு, பாஸ்பேட் கலந்து வரும்.

பெரம்பூர்_பவளம்: வெத்தலைக் கடை சுண்ணாம்பு ஓடுமாண்ணா?

ராயபுரம்_சுண்ணாம்பு: அதுவும் அதே ஹைட்ராக்சைடுதான்.

வியாசர்பாடி_ரீஃப்: ஈரச் சுண்ணாம்புல எவ்ளோ தண்ணி, எவ்ளோ அழுக்குன்னு எப்படி எடை போடுவ? வாயில போடறதுக்கு ஓகே. அதுவும் இல்லாம கால்க்குக்கு ஒரு வரம்பு இருக்கு. முழுசா கரைஞ்ச ஒரு லிட்டர், இவன் தொட்டியில அரை கேஹெச்தான் ஏத்தும். எவ்ளோ தண்ணி ஆவியாகுதோ அவ்ளோதான் விட முடியும்.

ராயபுரம்_சுண்ணாம்பு: சென்னை வெயில்ல தொட்டி மேல ஃபேன் ஓட்டறவங்க கிட்ட ஆவியாகாதுன்னு சொல்றியா? 4 லிட்டர் போனாலே 2 கேஹெச் ஆச்சு. உன் ரெண்டு பாட்டில்ல பவளம் எடுத்தது போக மிச்சம் சோடியம் குளோரைடு. மாசா மாசம் உப்பு ஏறிட்டே போகும், அதைச் சொல்ல மாட்டியே.

வியாசர்பாடி_ரீஃப்: தண்ணி மாத்தறப்ப அது சரியாயிடும். மார்கழியில ஃபேனை நிறுத்தினப்புறம் உன் 4 லிட்டர் எங்க போச்சு?

எண்ணூர்_அலை: உப்புன்னதும் கேக்கறேன். பெரம்பூர் தம்பி, எந்தத் தண்ணி? அடர்த்தி எவ்ளோ?

பெரம்பூர்_பவளம்: காசிமேட்டுல படகுக்காரர் கொண்டு வர்ற கடல் தண்ணிண்ணா. மழைக்கு அப்புறம் பாதித் தண்ணி மாத்தினேன். ஹைட்ரோமீட்டர்ல 1.021.

எண்ணூர்_அலை: அப்போ 28 பிபிடி, அதாவது கிலோ தண்ணிக்கு 28 கிராம் உப்பு. கடல் 35-ல இருக்கறப்ப கால்சியம் 420. 28-க்குக் கணக்குப் போடு: 336. உன் கிட் 340 காட்டுது. பவளம் தின்னது கொஞ்சம்தான், மீதி மழைத் தண்ணி. வடகிழக்குப் பருவமழையில கரையோரத் தண்ணி நீர்த்துப் போகும், மெக்னீசியமும் கூடவே இறங்கியிருக்கும். அதையும் அளந்து பாரு, 1280 பக்கம் இருக்கணும். குறைஞ்சிருந்தா நீ ஊத்தற கால்சியம் பவளத்துக்குப் போகாது, ஹீட்டர் மேலயும் பம்ப் மேலயும் படியும். சிந்தெடிக் உப்புத் தண்ணியால அடர்த்தியை நாலஞ்சு நாள்ல மெதுவா ஏத்து. 2023 டிசம்பர்ல எண்ணூர் முகத்துவாரத்துல எண்ணெய் மிதந்ததைப் பார்த்ததுலேருந்து நான் கடல் தண்ணியே தொடறதில்ல.

ராயபுரம்_சுண்ணாம்பு: எல்லாம் சரிண்ணே. அடர்த்தி ஏறினாலும் நுனி வளர்ற பவளம் தினமும் தின்னும்ல? சுண்ணாம்பு வேணும்தான்.

எண்ணூர்_அலை: எவ்ளோ தின்னுதுன்னு தெரியாம எதை ஊத்துவ? அடர்த்தி 1.026-ல நின்னப்புறம் எதையும் ஊத்தாம தினம் ஒரே நேரத்துல கேஹெச் மட்டும் அளக்கட்டும். நாளுக்கு அரை இறங்கினா கால்க் போதும், ரெண்டுக்கு மேல போனா பாட்டில்.

வியாசர்பாடி_ரீஃப்: தம்பி, அந்த ஹைட்ரோமீட்டர் முள்ளுல குமிழி ஒட்டியிருந்துச்சான்னு பாரு. ஒட்டியிருந்தா கூடுதலாக் காட்டும், நிஜத்துல 1.021-கூட இருக்காது.

பெரம்பூர்_பவளம்: ஞாயித்துக்கிழமை கொளத்தூர் மீன் மார்க்கெட் போய் ரிஃப்ராக்டோமீட்டர் (உப்பைச் சரியா அளக்கற கருவி) வாங்கிட்டு வர்றேன். அதுவரைக்கும் குளோரைடு?

எண்ணூர்_அலை: நிறுத்து.

ராயபுரம்_சுண்ணாம்பு: குளோரைடை நிறுத்து. கால்க் ஆரம்பி.