கேம்பர் வானுடன் யாழ் நகரில் இரண்டு இரவுகள்: எங்கே நிறுத்தலாம்?

மலைநாட்டுப் பயணி:

வணக்கம். நாங்கள் பேராதனையில் வசிக்கிறோம். பழைய ஹயஸ் வான் ஒன்றின் பின்னிருக்கைகளைக் கழற்றி, படுக்கை, சிறிய எரிவாயு அடுப்பு, 40 லீற்றர் தண்ணீர்த் தாங்கி, கையில் தூக்கிச் சென்று கழுவக்கூடிய கழிவறைப் பெட்டி ஆகியவற்றைப் பொருத்தி, இரண்டு ஆண்டுகளாக அதிலேயே ஊர் சுற்றி வருகிறோம். இதுவரை கடற்கரைகளிலும் குளக்கட்டுகளிலும் தங்கியிருக்கிறோமே தவிர, நகரத்துக்குள் தங்கியதில்லை. ஆனி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஏ9 வீதியால் வந்து, ஞாயிறு மாலை திரும்ப எண்ணியுள்ளோம். 72 வயதான என் தாயார், எரிவதற்கு முந்திய பொது நூலகத்தில் இருந்து படித்தவர். அதை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். வானை இரவில் எங்கே நிறுத்தலாம், நகருக்குள் அதை ஓட்டித் திரிய முடியுமா, கழிவை எங்கே அகற்றலாம் என்பவற்றை அறிந்தவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

நல்லூர்வாசி:

வணக்கம். கோட்டையைச் சுற்றியுள்ள வெளியும் பண்ணைக் கடற்கரையும் மாலையில் காற்று வாங்குவதற்கு அருமையான இடங்கள். ஆயினும், வயதானவரை வைத்துக்கொண்டு அங்கே இரவைக் கழிக்க நான் சொல்லமாட்டேன். விசாலமான வளவுள்ள விருந்தினர் விடுதி ஒன்றுடன் முன்கூட்டியே பேசி, ஓர் அறையை மட்டும் எடுத்துக்கொண்டு, வானை முற்றத்தில் நிறுத்த அனுமதி கேளுங்கள். அம்மா அறையில் உறங்கலாம். மின்சாரமும் குளியலறையும் கிடைக்கும். பேசும்போது கேற்றின் அகலத்தையும், ஒழுங்கையின் குறுக்கே தாழ்ந்து தொங்கும் கம்பிகள் உண்டா என்பதையும் மறவாமல் கேளுங்கள். எங்கள் ஒழுங்கைகள் பல இருபுறமும் மதில்களால் நெருக்கப்பட்டவை. எதிரே ஒரு கார் வந்தால் யாராவது ஒருவர் சந்தி வரை பின்னோக்கிப் போக வேண்டியிருக்கும்.

நிறுத்திய வானை ஞாயிறு வரை எடுக்காதீர்கள். மேடு பள்ளம் இல்லாத ஊர் இது. சைக்கிள்தான் இதற்கு ஏற்ற வாகனம். அம்மாவுக்கு ஓட்டோ போதும். நூலகம், கோட்டை, மணிக்கூட்டுக் கோபுரம், பெரியகடை எல்லாம் ஒன்றுக்கொன்று அண்மையில் உள்ளன. போர்த்துக்கேயர் தொடங்கி, 1658க்குப் பின் ஒல்லாந்தர் ஐங்கோண வடிவில் விரித்துக் கட்டிய கோட்டையின் மதில்மேல், வெயில் தாழ்ந்தபின் நடந்தால் கடல்நீரேரி விரிந்து தெரியும். ஆனியில் வருவது நல்ல முடிவு. ஆடி, ஆவணியில் வரும் நல்லூர்க் கந்தசுவாமி கோயில் திருவிழாவின் 25 நாட்களும் கோயிலைச் சுற்றியுள்ள வீதிகளில் வாகனங்களை விடமாட்டார்கள். ஆனேலும், ஆனி சோளகம் எனும் தென்மேற்குக் காற்று பலமாக வீசும் காலமாகையால், வானில் கட்டும் பந்தல் துணியை இரவில் விரித்தபடி விட்டுவிட்டு உறங்க வேண்டாம்.

புத்தூர் ரீச்சர்:

தம்பி, நீங்கள் மூன்றாவதாகக் கேட்டதே எனக்கு எல்லாவற்றிலும் முக்கியமாகப் படுகிறது. ஆகையால் சற்று விரிவாக எழுதுகிறேன். குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றும் இல்லை. மாரி மழை சுண்ணக்கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கி, உவர்நீரின் மேல் மிதக்கும் நன்னீராகத் தங்குகிறது. எங்கள் கிணறுகள் எல்லாம் அந்த நீரையே தருகின்றன. எங்கள் ஊருக்கு அருகே உள்ள நிலாவரைக் கிணற்றில், மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருப்பதை நேரில் அறியலாம்; முடிந்தால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். மணலைப் போல வடிகட்டும் தன்மை வெடித்த சுண்ணக்கல்லுக்கு இல்லை. நிலத்தில் ஊற்றியது எதுவும் விரைவில் யாரோ ஒருவரின் கிணற்றைச் சேர்ந்துவிடும். உரத்தாலும் மலக்குழிகளாலும் நைத்திரேற்று ஏற்கெனவே கூடிய கிணறுகள் இங்கே பல.

ஆகவே, கழிவறைப் பெட்டியை வெறுங்காணியிலோ வாய்க்காலிலோ கடலேரிக் கரையிலோ தயவுசெய்து கவிழ்க்காதீர்கள். விடுதிக்காரரிடம் கேட்டு, அவர்களுடைய கழிவறையிலேயே ஊற்றுங்கள். அதுவும் மணம் போக்கும் இரசாயனம் கலக்காமல் இருந்தால் மட்டுமே. அந்த இரசாயனம் மலக்குழியில் கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். பாத்திரம் கழுவிய நீரில் எண்ணெயும் சவர்க்காரமும் அதிகம் இல்லையென்றால், கிணற்றுக்குத் தொலைவில் உள்ள வாழையடியில் விடலாம். கிணற்றடி நீரை வாழைக்கு விட்டே நாங்கள் வளர்ந்தோம்.

தீவகத்தான்:

ஞாயிறு காலை நயினாதீவுக்குப் போக விரும்பினால், வானை விடுதியிலேயே விட்டுவிட்டு, படகு புறப்படும் குறிகட்டுவான் துறைக்குப் பஸ்ஸில் செல்லுங்கள். வழியில் கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதி வீதியின் அழகை வாகனம் ஓட்டுபவர் ஆறுதலாகப் பார்க்கவே முடியாது. அன்று மாலையே கண்டிக்குப் புறப்படுவதாயின், காலையில் முதல் படகுகளில் ஒன்றையே பிடியுங்கள்.

மலைநாட்டுப் பயணி:

அனைவருக்கும் நன்றி. சென்று திரும்பிவிட்டோம். அரியாலையில் பெரிய வளவுள்ள ஒரு விடுதி கிடைத்தது. ரீச்சர் எழுதியதைப் படித்தபின், இரசாயனப் போத்தலை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தோம். பெட்டியை ஒரே ஒரு தடவைதான் பயன்படுத்த நேர்ந்தது. நயினாதீவுக்குப் போகவில்லை. சனிக்கிழமை நூலகத்துக்குச் சென்ற அம்மா, 1981இல் எரிந்த 97,000 நூல்களைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், தாம் முன்பு அமர்ந்த பக்கம் எது என்று நெடுநேரம் தேடினார். ஞாயிறு காலையும் அங்கேதான் போக வேண்டும் என்றார், போனோம்.