மாலைக்கண்: 4 வயதுப் புள்ளைக்கு கரட்டும் முருங்கையிலையும் காணுமா?

படுவான்கரை டீச்சர்:
மட்டக்களப்பு வவுணதீவுப் பக்கம் முன்பள்ளிப் புள்ள ஒன்று, 4 வயசு. பொழுதுபட்டா வாசப்படி தெரியாமத் தடுமாறுது, பகல்ல ஒரு குறையும் இல்ல. இடது கண் வெள்ளையில, கருவிழிக்கு வெளிப்பக்கமா, சவர்க்கார நுரை காய்ஞ்ச மாதிரி ஒரு பொட்டு. கிளினிக் கொப்பியில விற்றமின் ஏ கட்டம் 2 வயசுக்குப் பிறகு வெறுமை. தாய் கரட்டும் முருங்கையிலையும் குடுக்கத் தொடங்கிட்டா. பக்கத்து வீட்டார் நந்தியாவட்டைப் பூச்சாறு விடச் சொல்றாங்களாம்.

கண் கிளினிக் ஆள்:
டீச்சர், மாலைக்கண்ணோட அந்த நுரைப்பொட்டும் இருந்தா சாப்பாட்ட நம்பிக் காத்திருக்கப்படாது. அதுக்குப் பேர் பிட்டோ புள்ளி, விற்றமின் ஏ குறைஞ்சதுக்கு அடையாளம். குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லுங்க, இல்லாட்டி வலையிறவுப் பாலம் தாண்டி போதனா வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்கே நாளைக்குக் கூட்டிப் போகச் சொல்லுங்க.

ஆறு மாசத்துக்கு ஒருக்கா குடுக்கிற விற்றமின் ஏ கெப்சூல் தடுப்புக்கு. நோய் வந்த பிறகு முறை வேற: 1 வயசு தாண்டினா முதல் நாள் 200,000 சர்வதேச அலகு (IU), அடுத்த நாள் அதே அளவு, குறைஞ்சது 2 கிழமை கழிச்சு மூன்றாவது. 6 முதல் 12 மாதத்துக்கு ஒவ்வொரு தடவையும் 100,000, அதுக்குக் கீழ 50,000. டொக்டர் எழுதித்தான் குடுக்கணும். கூடினா தலையிடி, வாந்தி, கைக்குழந்தைக்கு உச்சிக்குழி வீங்கும்.

மாலைக்கண் ஒன்றிரண்டு நாள்ல தெளியும். பொட்டு மெதுவாத்தான் கரையும், சில புள்ளைகளுக்குக் கரையாமலே நிற்கும். அதுக்காகக் கெப்சூலக் கூட்டிக் குடுக்கிறது பிழை.

பூச்சாறு வேணவே வேணாம். வறண்ட கருவிழியில மேற்படை ஏற்கெனவே கெட்டுப்போயிருக்கும், கிருமி லேசா இறங்கும். கருவிழி மினுக்கம் போய் மங்கினா, புள்ள வெளிச்சத்துக்குக் கண்ணத் திறக்க மாட்டன் என்றா, அன்றைக்கே ஆஸ்பத்திரி. அந்தக் கட்டத்துல கருவிழி இளகி உடையிறதுக்குக் கன நாள் எடுக்காது. உடைஞ்சா பார்வை திரும்பாது.

கல்முனை சத்துணவு:
கெப்சூலுக்குப் பிறகுதான் சாப்பாட்டுக் கதை. 4 வயசுக்கு நாளைக்கு 400 மைக்ரோகிராம் விற்றமின் ஏ வேணும். அவிச்ச கோழி ஈரல் 10 கிராம், ஒரு சின்னத் துண்டு, அதுவே கிட்டத்தட்ட அவ்வளவு தரும். முட்டை ஒன்றுல 75 அளவில. முருங்கையிலை 100 கிராமில 350 போல இருக்கு, ஆனா எந்தப் புள்ள 100 கிராம் இலை தின்னும்? இலையில, கரட்டில இருக்கிற கரோட்டீன் 12 பங்கு உள்ள போனாத்தான் 1 பங்கு விற்றமின் ஏ.

அதுவும் கொழுப்பில்லாட்டி உறிஞ்சாது. வெறும் இலைக்கஞ்சியவிட தேங்காய்ப்பூ போட்ட சுண்டல் நல்லம். கரட்ட பச்சையாக் கடிக்கக் குடுக்காம அவிச்சு மசிச்சு, கொஞ்சம் எண்ணெய் விட்டுக் குடுங்க. இலைய வெயில்ல காயப்போட்டா கரோட்டீன் அழிஞ்சிரும், நிழல்ல உலர்த்துங்க.

இன்னொன்று: ஈரல்ல சேமிச்ச விற்றமின் ஏய இரத்தத்துக்குக் கொண்டு வாறது ஒரு புரதம். சோறும் சொதியும் மட்டும் தின்கிற புள்ளைக்கு அந்தப் புரதமே தட்டுப்பாடு. மீன், முட்டை, பருப்பு ஏதாவது தினம் இருக்கணும். பார்மசியில மீன் எண்ணெய்க் கெப்சூல வாங்கி ஏமாறாதீங்க. விற்றமின் ஏ இருக்கிறது கொட் மீன் ஈரல் எண்ணெயில.

படுவான்கரை டீச்சர்:
நன்றி. தாய் இப்ப 7 மாதம். அவக்கும் இருட்டினா மங்கலாம். அவவும் அதே கெப்சூலப் போடலாமா?

கண் கிளினிக் ஆள்:
கூடாது. கர்ப்பத்துல 200,000 அலகு வயித்துப் புள்ளைக்கு ஊனத்த உண்டாக்கலாம். அவக்கு நாளைக்கு 10,000க்கு மேல போகாம, அல்லது கிழமைக்கு 25,000, குறைஞ்சது 4 கிழமை. தாய்சேய் கிளினிக்குல சொன்னா டொக்டர் எழுதித் தருவார்.

அக்கரைப்பற்று 32:
மூன்று கெப்சூலும் முடிஞ்சும் புள்ளைக்கு இரவுப் பார்வை அப்படியே இருந்தா, விழித்திரையப் பார்க்கச் சொல்லுங்க. மச்சான் மச்சாள் கலியாணம் நடந்த குடும்பமா என்றும் டொக்டருக்குச் சொல்லணும்; பரம்பரையா வாற விழித்திரைச் சிதைவும் மாலைக்கண்ணாத்தான் தொடங்கும். அதுக்கு இந்தக் கெப்சூல் மருந்தில்ல.