பிராசசர் சூடு: பேஸ்ட் மாற்றியும் தீராத அனுபவம் உண்டா?

இரவுக்காவல்

பிராசசருக்கும் கூலருக்கும் இடையே வெப்பம் கடத்தத் தடவும் பேஸ்ட்டை மாற்றியாயிற்று, தூசியும் ஊதியாயிற்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பத்துப் பேர் அதையே எழுதுவீர்கள்.

எதையும் திறக்காமல் வெறுமனே இருக்கும்போதே 82, 84 டிகிரி. ஃபேன் இரைகிற இரைச்சலில் அறையில் உட்கார முடியாது. எது பிராசசரைத் தின்கிறது என்று பார்க்க டாஸ்க் மேனேஜரைத் திறப்பேன். திறந்த கணத்தில் இரைச்சல் அடங்கும். பட்டியலில் ஒன்றும் இருக்காது, பயன்பாடு 2 சதவீதம். மூடிவிட்டு எழுந்தால் மறுபடி இரைச்சல். நான் பார்த்தால் அடங்குகிறது, முகத்தைத் திருப்பினால் எகிறுகிறது. சென்சார் கோளாறு என்றார் ஒருவர், மதர்போர்டை மாற்று என்றார் இன்னொருவர்.

கடைசியில் வெப்பத்தையும் மின்சாரத்தையும் அளந்து குறிக்கும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளை இரவு முழுவதும் பதிவெடுக்க விட்டேன். காலையில் கோப்பைப் பார்த்தால் வெப்பம் மட்டுமல்ல, பிராசசர் இழுத்த வாட் அளவும் விடிய விடிய உச்சத்தில் நின்றிருந்தது. சும்மா இருக்கிற பிராசசருக்கு எதற்கு அவ்வளவு மின்சாரம்? யாருக்கோ கிரிப்டோ நாணயம் தோண்டிக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜர் திறந்தால் தானே ஒளிந்துகொள்ளும் வகை நிரல். விண்டோஸை அழித்துப் புதிதாக நிறுவிய பிறகு 38 டிகிரி. இப்படி விசித்திரமாக வேறு யாருக்காவது நேர்ந்ததா?

நாலாம்முளை

என்னுடையது சிறிய கதை. அக்கா மகன் தானே பொருத்திய கணினி. பிராசசரோடு பெட்டியிலேயே வரும் கூலர், நான்கு பிளாஸ்டிக் முளைகளை அழுத்திப் பொருத்துவோமே, அதுதான். விளையாட்டைத் திறந்தால் நேரே 100, உடனே வேகம் சரிந்து படம் திக்கும். பக்கக் கதவைக் கழற்றிப் பார்த்தேன், எல்லாம் ஒழுங்காகத்தான் தெரிந்தது. ஏதோ தோன்றி, கூலரின் ஒரு மூலையை விரலால் அழுத்தினேன். திரையில் எண் 97, 88, 74 என்று இறங்கியது. விரலை எடுத்தேன், ஏறியது. நாலாவது முளை மதர்போர்டைத் தாண்டி மறுபக்கம் போகவே இல்லை.

"மாமா, விரலை அப்படியே வைத்திருங்கள், இந்த ஆட்டம் முடியட்டும்" என்றான்.

அரிசிமணி

இருவரும் பேஸ்ட்டை லேசாகத் தாண்டிப் போகிறீர்கள். எங்கள் அலுவலகத்துப் பழைய கணினியில் பேஸ்ட் காய்ந்து மணலாக உதிர்ந்தது. மாற்றியதும் 20 டிகிரி இறங்கியது. பெரும்பாலோருக்கு அதுதான் கதை.

புதியவர்களுக்காகச் சில சொல்கிறேன். வெப்பம் எவ்வளவு என்பதைவிட எவ்வளவு விரைவாக ஏறுகிறது என்று பாருங்கள். பிராசசருக்கு முழுப் பளு கொடுக்கும் பிரைம்95 என்ற சோதனை நிரலை ஓட்டிய ஓரிரு நொடியிலேயே உச்சத்துக்குத் தாவினால் பிராசசருக்கும் கூலருக்கும் இடையே தொடுகை சரியில்லை: பேஸ்ட், திருகு, கூலரின் அடியில் உரிக்காமல் விட்ட பிளாஸ்டிக் தாள், இவற்றில் ஒன்று. பத்து நிமிடம் மெல்ல மெல்ல ஏறினால் கேபினெட்டுக்குள் காற்றோட்டம் போதவில்லை. பக்கக் கதவைக் கழற்றி வைத்து அதே சோதனையை ஓட்டுங்கள். 5 முதல் 10 டிகிரி குறைந்தால் பிராசசரைத் தொடவே வேண்டாம், காற்று வரும் வழியைப் பாருங்கள். பின்பக்க ஃபேன் வெளியே ஊதாமல் உள்ளே ஊதும்படி மாட்டியிருப்பதும் நடக்கிறது. தூசி ஊதும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தாறுமாறாகச் சுழல விடாதீர்கள். ஏஎம்4 சாக்கெட் (ஏஎம்டி பிராசசர் பொருந்தும் ஒரு வகை இடம்) வைத்திருப்பவர்கள் கூலரை நேராக மேலே இழுக்கவே கூடாது. காய்ந்த பேஸ்ட் பசைபோல் பிடித்திருக்கும், பிராசசர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்து ஊசிகள் வளையும். சற்று நேரம் கணினியை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, கூலரை இடமும் வலமும் திருகிய பிறகு எடுங்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நடுவில் அரிசிமணி அளவு பேஸ்ட் போதும்.

குளிர்ந்தகுழாய்

அரிசிமணி ஐயா, இரவுக்காவல் முதல் வரியிலேயே பேஸ்ட் மாற்றிவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அவருடைய பிரச்சினையும் தீர்ந்துவிட்டது. பிறகு இவ்வளவும் யாருக்கு? இன்றைய பெரிய பிராசசர்களின் மேலுள்ள உலோக மூடி அகலமானது. நடுவில் ஒரு அரிசிமணி வைத்தால் மூலைக்குப் போய்ச் சேராது.

என் அனுபவம்: வாட்டர் கூலர். இயக்கிய ஒரு நிமிடத்துக்குள் 95. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் பம்ப் வேகம் எப்போதும்போல் காட்டியதால் பம்ப்பைச் சந்தேகிக்கவே இல்லை. சுவரில் முட்டிக்கொள்வதுபோல் பேஸ்ட்டையே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் திரையில் 100 இருக்கும்போது ரேடியேட்டர்மேல் கை வைத்தேன். சில்லென்று இருந்தது. இரண்டு குழாயில் ஒன்று கொதிக்கிறது, மற்றது குளிர். மோட்டார் சுழல்கிறது, தண்ணீர் நகரவில்லை. உள்ளே படிந்த கசடு செப்புத் தகட்டின் நுண்ணிய இடுக்குகளை அடைத்திருந்தது. பயாஸ் காட்டுவது மோட்டாரின் சுழற்சியை மட்டும். நீர் ஓடுகிறதா என்பதை அது அறியாது.

அரிசிமணி

அகலமான மூடி என்றால் பெருக்கல் குறிபோல் இடலாம். அரிசிமணி ஓர் அளவு, விதி அல்ல. முழுதாகப் படித்துவிட்டு எழுதலாமே தம்பி.

கழித்தல்20

தம்பி, ஐயா சண்டைக்கு நடுவில் ஒன்று. எண்ணைப் பார்த்தவுடன் பதறுவதே பாதி நோய். 2017-இல் வந்த ஏஎம்டியின் ரைசன் 1700எக்ஸ், 1800எக்ஸ் பிராசசர்கள் இரண்டும் உண்மை வெப்பத்தோடு 20 டிகிரி கூட்டித்தான் அறிவித்தன, ஃபேன் வேகத்தைச் சீராக ஆள்வதற்காக. நண்பர் ஒருவர் அந்த 20-ஐக் கழிக்காத மென்பொருளை நம்பி, நல்ல கூலரைக் கழற்றி விற்றுவிட்டார். நான் கழித்துக் காட்டியபோது அவர் முகம் போன போக்கை மறக்க முடியாது. ரைசன் 7000 வரிசையோ முழுப் பளுவில் 95 டிகிரி வரை போய் நிற்கும்படியே வடிவமைக்கப்பட்டது. அங்கே 95 நோயே அல்ல.

இரவுக்காவல்

முழுப் பளுவில் 95 சரி. நான் சொன்னது சும்மா இருக்கும்போது 84.

கழித்தல்20

உங்களை மறுக்கவில்லை. இந்த உரையாடலைப் பின்னால் படிக்கிறவர்களுக்குச் சொன்னேன்.

எல்லையில்லான்

என்னுடையது இன்டெல் 13900கே பிராசசர். பழைய மதர்போர்டு பழுதாகி வேறொன்று வாங்கினேன். அதே பிராசசர், அதே கூலர், புதிய பேஸ்ட் (மூடி முழுவதும் தடவினேன், யாரும் தொடங்க வேண்டாம்). ஆனால் வீடியோ ஏற்றுமதி தொடங்கியதும் பிராசசருக்குள் இருக்கும் எல்லாக் கோரும் 100 டிகிரி. கூலரை இறக்கி ஏற்றிக் களைத்தபின், வெப்பத்தை விட்டுவிட்டு வாட்டைப் பார்த்தேன்: 300-ஐத் தாண்டி ஓடியது. இன்டெல் இதற்குக் குறித்திருப்பது அடிப்படை 125, உச்சம் 253. பயாஸுக்குள் போய் மின் எல்லை என்ற பக்கத்தைத் திறந்தால், இரண்டு கட்டத்திலும் 4096 வாட் என்று இருந்தது. 4096! வீட்டு மின்கம்பியே தாங்குமா? நான் எதையும் தொடவில்லை, பெட்டியிலிருந்து வந்தபோதே அப்படி.

253 என்று நானே நிரப்பினேன். இப்போது 90-ஐ ஒட்டி நிற்கிறது, ஏற்றுமதி நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் மதர்போர்டில் அந்தக் கட்டத்தில் என்ன எண் இருக்கிறது என்று பார்த்து எழுதுங்கள்.