வீட்டிலிருந்து வேலை: பத்தாங் பெர்ஜுந்தையில் உட்கார்ந்தால் கையில் எவ்வளவு மிஞ்சும்?

கேட்டவர்: செம்பனைச்சாலை

வணக்கம். கம்பெனியில் வாரத்துக்கு 3 நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம் என்கிறார்கள். வீடு மலேசியாவில் சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை, இப்போதைய பெஸ்தாரி ஜெயா. ஆபீஸ் ஷா ஆலம். போக வர 100 கிலோமீட்டர். கார் என்ஜின் 1.5 லிட்டர், நூறு கிலோமீட்டருக்கு 7 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். வீட்டில் கரண்ட் மாதம் 390 யூனிட் ஓடுகிறது. வேலை செய்யப்போகும் அறையில் பழைய 1 குதிரைசக்தி ஏர்கோன், இன்வெர்ட்டர் இல்லை. தகரக் கூரை, மத்தியானம் அனல் இறங்கும்.

தம்பிக்கும் அதே 3 நாள் உண்டு. அவனுக்கு வேலை இடம் 12 கிலோமீட்டர்தான், மோட்டார் சைக்கிளில் போகிறான்.

பெட்ரோலில் மிச்சம் பிடித்ததைக் கரண்ட் பில்லில் கொட்டிவிடுவோமோ என்பதுதான் சந்தேகம். சுற்றுச்சூழலுக்கு நல்லது என்று எல்லாரும் சொல்வது எங்கள் இருவருக்கும் பொருந்துமா? கணக்குத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: மீட்டர்_பலகை

சந்தேகம் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது. முதலில் கரண்ட்.

2025 ஜூலை 1 முதல் வந்த டிஎன்பி (மின்சார நிறுவனம்) கட்டண முறையில் பழைய படிநிலை இல்லை. மாதம் 1,500 யூனிட் வரைக்கும் ஓடும் வீட்டுக்கு ஒரு யூனிட்டுக்கு எரிசக்தி 27.03 காசு, கொள்ளளவு 4.55 காசு, கம்பிக் கட்டமைப்பு 12.85 காசு. மொத்தம் 44.43 காசு. இதிலிருந்துதான் சிக்கன ஊக்கத்தொகை என்று ஒன்றைக் கழிக்கிறார்கள். நம் கணக்கைப் புரட்டிப்போடுவது இந்தக் கழிவுதான். 351 முதல் 400 யூனிட் வரை 17 காசு, 401 முதல் 450 வரை 14.5 காசு, 451 முதல் 500 வரை 12 காசு. கூடுதலாக ஓடிய யூனிட்டுக்கு மட்டும் கழிவு குறைவதில்லை. அந்த மாதம் ஓடிய அத்தனை யூனிட்டுக்கும் சேர்த்தே குறைகிறது.

உங்கள் 390 யூனிட்டைப் போட்டுப் பாருங்கள்: 390 × 27.43 காசு = 106.98 வெள்ளி (ரிங்கிட்). 400 யூனிட் ஓடினால் 109.72. ஒரே ஒரு யூனிட் கூடி 401 ஆனால் 120.02. அந்த ஒற்றை யூனிட்டின் விலை 10 வெள்ளி 30 காசு.

இப்போது வேலை நாள். லேப்டாப் 45 வாட், திரை 25, கூரை விசிறி 70, விளக்கு 10. மொத்தம் 150 வாட். ஒரு நாளைக்கு 9 மணி நேரம், மாதம் 13 நாள் என்றால் ஏறக்குறைய 18 யூனிட். ரவுட்டர் எப்படியும் இரவு பகலாக ஓடுகிறது, அதைக் கூட்ட வேண்டாம். 390 போய் 408 ஆகும். பில் 122.11. ஏற்றம் 15 வெள்ளிதான், ஆனால் அதில் பெரும்பங்கு அந்த 400-ஐத் தாண்டியதற்கான அபராதம். வேறு எங்காவது 8 யூனிட்டைக் குறைத்துவிட்டால் ஏற்றம் 3 வெள்ளிக்குள் முடிந்துவிடும். அரிசியை மின்குக்கரில் காலையிலிருந்து இரவு வரை சூடாகவே வைப்பதை நிறுத்தினாலே பல வீடுகளில் அந்த 8 யூனிட் கிடைத்துவிடும்.

பழைய ஏர்கோனைப் போட்டால் கதை வேறு. தகரக் கூரையின் கீழே கம்ப்ரசர் ஓயாது. 800 வாட், 8 மணி நேரம், 13 நாள்: 83 யூனிட். விசிறி லேப்டாப்பையும் சேர்த்தால் 100 யூனிட் கூடுகிறது. 490 யூனிட்டுக்கு 158.91 வெள்ளி, அதாவது 52 வெள்ளி ஏற்றம். (300 யூனிட்டைத் தாண்டியவர்களுக்கு உள்ள 1.6 விழுக்காடு புதுப்பிக்கத்தக்க ஆற்றல் நிதியை நான் சேர்க்கவில்லை.)

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே 560, 580 என்று ஓடும் வீடாக இருந்தால் 600-ஐத் தாண்டவே தாண்டாதீர்கள். தாண்டினால் மாதம் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம், 600-க்கு மேற்பட்ட பகுதிக்கு 8 விழுக்காடு சேவை வரி, எரிபொருள் விலைக்கேற்பக் கூடியோ குறைந்தோ வரும் மாற்றத் தொகை எல்லாம் ஒரே நாளில் வந்து உட்காரும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். காலை 9 மணிக்கும் மாலை 6 மணிக்கும் மீட்டர் எண்ணை எழுதுங்கள். வீட்டில் வேலை செய்யும் நாள் இரண்டு, ஆபீஸ் போகும் நாள் இரண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்கள் வேலையின் உண்மையான செலவு. வீட்டில் மற்றவர்களுக்காக ஏற்கெனவே ஓடும் விசிறியை உங்கள் கணக்கில் எழுதிவிடாதீர்கள். ஸ்மார்ட் மீட்டர் இருந்தால் டிஎன்பி செயலியிலேயே பார்க்கலாம்.


பதில் 2: ஈஜோக்_சந்திப்பு

மேலே சொன்னது சரி. நான் பெட்ரோலையும் புகையையும் எடுத்துக்கொள்கிறேன்.

மாதம் 13 நாள் × 100 கிலோமீட்டர் = 1,300 கிலோமீட்டர் மிச்சம். 7 லிட்டர் கணக்கில் 91 லிட்டர். 2025 செப்டம்பர் 30-இல் பூடி95 என்ற பெட்ரோல் மானியத் திட்டம் எல்லாருக்கும் தொடங்கியபோது இருந்த 1.99 வெள்ளியில் வைத்தால் 181 வெள்ளி. விலை மாறினால் 91-ஐ அன்றைய விலையால் பெருக்கிக்கொள்ளுங்கள். லாட்டார் நெடுஞ்சாலையில் போகிறவரானால் டோல் தனி. டோல் கட்டும் டச் அண்ட் கோ அட்டையின் கணக்கைத் திறந்து ஒரு நாளுக்கு எவ்வளவு போகிறது என்று பார்த்து 13-ஆல் பெருக்குங்கள். பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு சர்வீஸ் என்றால் அதுவும் தள்ளிப்போகும், டயரும் தேயாது. ஆக, ஏர்கோனை முழு நாளும் ஓட விட்டாலும் உங்களுக்கு மாதம் சுமார் 130 வெள்ளி நிற்கும். விசிறியோடு முடித்தால் 165-க்குக் குறையாது. டோலும் சர்வீசும் இதற்கு மேல்.

புகைக் கணக்கு. ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமிலவாயு. 91 லிட்டருக்கு 209 கிலோ. தீபகற்ப மலேசியாவில் ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.77 கிலோ வருகிறது. நிலக்கரியும் எரிவாயுவும்தான் நம் கரண்டின் பெரும்பகுதி. பக்கத்தில் காப்பாரில் நிற்கும் மின் நிலையமும் நிலக்கரி எரிப்பதுதான். விசிறியோடு வேலை செய்தால் 18 யூனிட், 14 கிலோ. பழைய ஏர்கோனோடு 100 யூனிட், 77 கிலோ. முன்னதில் மாதம் 195 கிலோ குறைகிறது, பின்னதில் 132. உங்களைப் பொறுத்தவரை எப்படிப் பார்த்தாலும் நன்மைதான்.

தம்பிக்கு இது பொருந்தாது. மோட்டார் நூறு கிலோமீட்டருக்கு 2 லிட்டர் என்று வைத்தால் 13 நாளில் 312 கிலோமீட்டர், 6 லிட்டர் சொச்சம். 12 வெள்ளி, 14 கிலோ. அவர் தனி அறையில் விசிறி போட்டு உட்கார்ந்தாலே அந்த 14 கிலோ கரண்டில் போய்விடும். தனி ஏர்கோன் போட்டால் ஆபீஸ் போவதைவிட ஐந்து மடங்கு புகை. இதை யாரும் சொல்வதில்லை, "வீட்டிலிருந்து வேலை செய்தால் பசுமை" என்று மொத்தமாகப் பேசிவிடுகிறார்கள். தூரமும் வண்டியும்தான் பதிலைத் தீர்மானிக்கின்றன. தம்பி வீட்டில் இருக்கும் நாளையும் உங்கள் நாளையும் ஒன்றாக வைத்து, இருவரும் ஒரே அறையில் ஒரே விசிறியின் கீழ் உட்கார்ந்தால் அவர் பங்குக்குக் கூடுவது ஒரு லேப்டாப் மட்டும்.

கம்பெனியிடமும் ஒன்று சொல்லிப் பாருங்கள். ஆளுக்கு ஒரு நாள் என்று வீட்டில் இருந்தால் ஆபீஸ் ஏர்கோன் குறையவே குறையாது, பத்துப் பேருக்கு ஓடுவதும் நாற்பது பேருக்கு ஓடுவதும் ஏறத்தாழ ஒன்றுதான். எல்லாரும் ஒரே நாளில் வீட்டில் இருந்து அந்தத் தளத்தையே பூட்டினால்தான் அங்கே மீட்டர் நிற்கும்.


செம்பனைச்சாலை

மிக்க நன்றி இருவருக்கும். 401-வது யூனிட்டின் விலையை இப்படி யாரும் சொல்லிக் கேட்டதில்லை. அப்படியானால் ஏர்கோன் இல்லாமல் அந்த அறையில் மத்தியானம் உட்கார என்ன வழி? அறை மேற்குப் பக்கம், அடுக்குக் கண்ணாடிச் சன்னல்.


பதில் 3: தகரக்கூரை

சகோதரி, முதல் வழிக்குக் காசே வேண்டாம்: மத்தியானம் அறையை மாற்றுங்கள். காலையில் மேற்கு அறை, ஒரு மணிக்கு மேல் கிழக்கு அறை. மேசையை மடக்கும் மேசையாக வாங்கினால் தூக்கிப் போவது சுலபம்.

மாற்ற முடியாது என்றால் சன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டி தொங்கவிடுங்கள். உள்ளே தடித்த திரை போடுவதைவிட இது பல மடங்கு மேல். திரைக்கு வெயில் வந்து சேரும்போது அது கண்ணாடியைக் கடந்து அறைக்குள் வந்துவிட்டது. திரை சூடாகி அந்தச் சூட்டை உங்களுக்கே தரும். தட்டி வெளியே சூடாகும், காற்று அடித்துக்கொண்டு போகும். சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிக் கட்டுங்கள், கீழ் முனையை இரண்டு கயிற்றால் இழுத்துக் கட்டாவிட்டால் மழைக்காற்றில் கண்ணாடியை உடைத்துவிடும்.

அடுத்தது கூரை. தகரத்துக்குக் கீழே வெள்ளிநிறத் தாள் அடிக்கிறார்கள், பலர் தப்பாக அடிக்கிறார்கள். தாள் தகரத்தை ஒட்டிக் கிடந்தால் பயன் குறைந்துவிடும், சூடு தகரத்திலிருந்து தாளுக்கு நேராக இறங்கிவிடும். இடையில் ஓர் அங்குலமாவது காற்று வெளி வேண்டும். மினுங்கும் பக்கம் கீழ் நோக்கி இருக்கட்டும். மேல் நோக்கி வைத்தால் தூசி படிந்து ஓரிரண்டு வருஷத்தில் மினுக்கம் போய்விடும். தாள் அடிக்க வசதி இல்லையென்றால் கூரையின் மேலே வெள்ளைப் பூச்சு. பாசியைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவிட்டு, துருப் பிடித்த இடத்தில் துருத்தடுப்பு அடித்து, பிறகு இரண்டு முறை பூசுங்கள். கழுவாமல் அடித்தால் அடுத்த மழைக்காலத்தில் உரிந்து தொங்கும். பழைய கூரை கல்நார் தகடு என்றால் தேய்க்கவே கூடாது, அந்தத் தூள் நுரையீரலுக்கு ஆபத்து. அதற்குத் தாள் வழிதான்.

விசிறி உடம்பைத்தான் குளிர்விக்கும், அறையை அல்ல. ஆள் இல்லாத அறையில் அது ஓடுவது வீண். புதிதாக வாங்குவதானால் டிசி மோட்டார் விசிறி பாருங்கள், 70 வாட் வேலையை 30 வாட்டில் செய்யும்.

இவ்வளவும் செய்தும் முடியாத நாளில் ஏர்கோனை 1 மணியிலிருந்து 4 மணி வரை மட்டும் போடுங்கள். 27-இல் வைத்து விசிறியைச் சேர்த்து ஓடவிடுங்கள். 13 நாளுக்கு 31 யூனிட்டுக்குள் அடங்கும். ஆனால் அடுக்குக் கண்ணாடிச் சன்னலை மூடினாலும் ஒவ்வொரு கண்ணாடிக்கும் நடுவே விரல்கடை இடுக்கு இருக்கும், குளிர் முழுக்க அந்த வழியே ஓடிவிடும். உள்பக்கம் தடித்த தெளிவான பிளாஸ்டிக் தாளைச் சட்டத்தோடு ஒட்டிவிடுங்கள். ஏர்கோனின் வலைத் தட்டை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கழுவுங்கள். குழாயில் பனி கட்டினால் வலை அடைத்திருக்கிறது அல்லது கேஸ் கசிகிறது. அப்படியே ஓட விட்டால் மின்சாரம் எரியும், குளிர் வராது.


பதில் 4: ஓசை_மழை

இந்தப் பக்கம் நாலு மணி இடி மறக்கக் கூடாது. கரண்ட் போனால் இணையமும் போகும், அவசரத்துக்குக் காரை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஓடினால் அன்றைய மிச்சம் காலி.

சுவரில் உள்ள ஃபைபர் பெட்டிக்கும் ரவுட்டருக்கும் சேர்த்து ஒரு சின்ன டிசி யூபிஎஸ் (கரண்ட் போனால் கைகொடுக்கும் பேட்டரிப் பெட்டி) போதும். பெரிய யூபிஎஸ் வேண்டாம், அது சும்மா இருந்தாலும் கரண்ட் குடிக்கும். 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது 37 வாட்மணி. இரண்டு பெட்டியும் சேர்ந்து 15 வாட் என்றால் சுமார் 2 மணி நேரம். வாங்குமுன் அடாப்டரின் அடியில் உள்ள எழுத்தைப் படியுங்கள். 12 வோல்ட், 2 ஆம்ப் கேட்கும் ரவுட்டருக்கு 1 ஆம்ப் தரும் யூபிஎஸ் மாட்டினால் வீடியோ கூட்டம் தொடங்கியதும் ரவுட்டர் தானாக அணைந்து அணைந்து எரியும். முனை அளவிலும் கவனம்: 5.5-க்கு 2.1, 5.5-க்கு 2.5 மில்லிமீட்டர் இரண்டும் பார்க்க ஒன்று போல இருக்கும். தப்பானது ஒன்றில் நுழையவே நுழையாது, மற்றதில் நுழைந்து ஆடும்.

இடி தொடங்கினால் யூபிஎஸ்ஸைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு பேட்டரியில் ஓடவிடுங்கள். ஃபைபர் கம்பி இடியைக் கடத்தாது, சுவர்ப் பிளக் கடத்தும். லேப்டாப்பும் அப்படித்தான். மூன்றரை மணிக்குள் முழுக்க சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.


பதில் 5: ஈஜோக்_சந்திப்பு

ஒன்று விட்டுப்போனது. கம்பெனி வாயால் சொன்னதை எழுத்தில் வாங்குங்கள். 2023 ஜனவரி 1-இல் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தில் 60P, 60Q பிரிவுகள் இதற்காகவே இருக்கின்றன. வேலை நேரம், நாள், இடம் இவற்றில் எது மாறவேண்டும் என்று நீங்கள் எழுத்தில் கேட்கலாம். 60 நாளுக்குள் அவர்கள் எழுத்தில் பதில் தரவேண்டும், மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். கடிதத்தில் எந்த மூன்று கிழமை என்று குறிப்பிடுங்கள். தம்பியோடு நாளை ஒன்றாக வைக்க அது உதவும்.

இணைய பில் உங்கள் பெயரில் இருக்கட்டும். வருமான வரியில் வாழ்க்கைமுறைக் கழிவு 2,500 வெள்ளிக்குள் அதையும் லேப்டாப்பையும் காட்டலாம். அப்பா பெயரில் உள்ள பில்லைக் காட்ட முடியாது.


பதில் 6: தகரக்கூரை

காரைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாலு நாள் தொடர்ந்து நின்றால் பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய வீடுகளில் எலி சும்மா விடாது. நின்ற காரின் என்ஜினில் கூடு கட்டி ஒயரைக் கடித்துவிடும். ஒரு ஒயர்க் கட்டு மாற்றினால் பல மாதப் பெட்ரோல் மிச்சம் ஒரே நாளில் போய்விடும். இரவில் பானெட்டைத் திறந்தே வையுங்கள், இருட்டும் கதகதப்பும் இல்லாத இடத்தில் எலி தங்குவது குறைவு. கோழித் தீவனம், நாய்ச் சோறு எதையும் காருக்குப் பக்கத்தில் வைக்க வேண்டாம். காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் உள்ளே இலை, நார், செம்பனைக் கொட்டை கிடக்கிறதா என்று பாருங்கள். கிடந்தால் அன்று ராத்திரியே பொறி வைத்துவிடுங்கள்.