பூஜை நேரத்தில் வரும் கெட்ட எண்ணங்கள்: பாவமா, நோயா?

கேள்வி:
விளக்கேற்றி மந்திரம் சொல்லத் தொடங்கியதும், சாமியைப் பற்றி வாயால் சொல்லக் கூசும் வசைச் சொற்கள் மனத்தில் எழுகின்றன. பரிகாரமாக 108 முறை சொல்கிறேன். நடுவில் மறுபடியும் வந்தால் முதலிலிருந்து தொடங்குவேன். தினமும் இரண்டு மணி நேரம் இதிலேயே போகிறது. சோதிடர் முற்பிறவிப் பாவம் என்கிறார். நண்பரோ மூளைக் கோளாறு என்கிறார். எதை நம்புவது?

மறுமொழி 1:
இரண்டையும் சற்றுத் தள்ளி வையுங்கள். ஸ்டான்லி ராக்மனும் இலங்கையைச் சேர்ந்த உளவியலாளர் பத்மல் டி சில்வாவும் 1978-இல் வெளியிட்ட ஆய்வில், மனநோய் ஏதும் இல்லாதவர்களிலும் பெரும்பாலோர் தமக்கு இத்தகைய வேண்டாத எண்ணங்கள் வருவதுண்டு என்றே கூறியிருந்தனர். வேறுபாடு எண்ணத்தில் அன்று, அதற்கு நாம் தரும் பொருளில்தான் பெரிதும் இருக்கிறது. பக்தி இல்லாத ஒருவரை இந்த எண்ணம் பெரும்பாலும் இவ்வளவு உறுத்தாது.

மறுமொழி 2:
அதே டி சில்வா பின்னர் பௌத்த நூல்களையும் உளவியல் சிகிச்சையையும் ஒப்பிட்டு எழுதினார். புத்தரின் போதனைகளைத் தொகுத்த மஜ்ஜிம நிகாயம் என்ற நூலின் 20-ஆம் சூத்திரம் தீய எண்ணங்களைக் கையாள ஐந்து வழிகளைச் சொல்கிறது: தச்சர் சிறிய ஆப்பால் பெரிய ஆப்பை வெளியேற்றுவதுபோல் நல்லெண்ணத்தால் மாற்றுவது முதலாவது, கவனிக்காமல் விடுவது மூன்றாவது, எதுவும் பலிக்காவிட்டால் பல்லைக் கடித்து மனத்தால் மனத்தை நசுக்குவது கடைசி. ஆனால் உளவியலாளர் டேனியல் வெக்னர் 1987-இல் வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிச் சோதித்தபோது, அடக்கப்பட்ட நினைவு பிறகு முன்னிலும் மிகுதியாகத் திரும்பியது. ஆன்மிகம் சொன்ன யாவற்றையும் அறிவியல் மெய்ப்பித்துவிட்டது என்று பூரிப்பவர்கள் இந்த ஐந்தாவது வழியில் சற்று நிற்க வேண்டும். எண்ணத்தை வலிந்து அடக்கப் பார்ப்பதுதானே அது; தாங்கள் செய்துவருவதும் ஏறக்குறைய அதுதான்.

மறுமொழி 3:
என் தம்பிக்கும் இதே துன்பம் இருந்தது. மருத்துவர் ஓசிடி என்றார்; வேண்டாத எண்ணம் திரும்பத் திரும்ப வந்து, அதைத் தணிக்க ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் மனநோய் அது. மாத்திரையோடு பயிற்சியும் தந்தார்கள்: மந்திரத்தை ஒரே முறை சொல்ல வேண்டும், கெட்ட எண்ணம் வந்தாலும் திரும்பச் சொல்லாமல் அந்தப் பதற்றத்தோடே எழுந்து போய்விட வேண்டும். பதற்றம் தானாகத் தணிவதை அவன் கண்டுகொள்ளச் சில வாரங்கள் ஆயின. கோயில் குருக்கள், "ஒரு தரம் போதும், அவனுக்குத் தெரியாதா உன் மனசு" என்றது பெரிய ஆறுதல். ஆனால் அதையே தினமும் போய்க் கேட்கத் தொடங்கினான். அதுவும் நோயின் வேலைதான் என்று உளவியலாளர் சொல்ல, குருக்களும் பதில் சொல்வதை நிறுத்திக்கொண்டார்.

கேட்டவர்:
சோதிடரிடம் நானும் மூன்று முறை அப்படிப் போயிருக்கிறேன். முதலில் யாரைப் பார்ப்பது?

மறுமொழி 3:
அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லுங்கள், ஐயா. அதற்கு முன் பேசிப் பார்க்க விரும்பினால் அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற இலவச எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.