பிழைதிருத்தியின் உரிமத்தை ஜிபிஎல் 3-க்கு மாற்ற உதவி தேவை

வணக்கம். சென்னையில் நாங்கள் சிலர் சேர்ந்து எழுதிவரும் தமிழ்ப் பிழைதிருத்தியின் உரிமம் ‘ஜிபிஎல் 2 மட்டும்’ (ஜிபிஎல் என்பது ஒரு கட்டற்ற மென்பொருள் உரிமம்). கோப்புகளின் தலைப்பில் ‘அல்லது பிந்தைய பதிப்பு’ என்ற வரி இல்லை. இப்போது சேர்க்க வேண்டிய சொற்பகுப்பு லைப்ரரியின் (சொற்களைப் பகுத்துத் தரும் ஆயத்த நிரல் தொகுப்பு) உரிமமோ அப்பாச்சி 2.0 என்ற வேறொரு திறமூல உரிமம். அதன் காப்புரிமை நிபந்தனைகள் ஜிபிஎல் 2-உடன் ஒத்துப்போகாது; 2007-இல் வந்த ஜிபிஎல் 3-உடன் ஒத்துப்போகும்.

லைசென்ஸ் கோப்பை மாற்றினால் போதும் என்கிறது ஒரு தரப்பு. போதாது. யாரும் உரிமையை எங்களுக்கு எழுதிக் கொடுக்காததால் பதிப்புரிமை அந்தந்த நிரலை எழுதியவரிடமே இருக்கிறது. 1957 பதிப்புரிமைச் சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, கையெழுத்திட்ட ஆவணம் இல்லாமல் அது கைமாறாது. நிரலுக்குப் பங்களித்தவர்களைக் காட்டும் ‘கிட் ஷார்ட்லாக்’ பட்டியலில் உள்ள பெரும்பாலானவர்கள் மின்னஞ்சலில் சம்மதம் தந்துவிட்டார்கள். ‘வாழை பழம்’ என்று அடித்தால் ‘ப்’ கேட்கும் சந்தி விதிகளை எழுதியவர் மட்டும் மறுக்கிறார். அது அவருடைய உரிமை, அவரை வற்புறுத்தக் கூடாது. இன்னொருவர் காலமாகிவிட்டார், அவர் பங்கு இப்போது வாரிசுகளுக்குச் சொந்தம்.

உரிமம் மாறும்வரை லைப்ரரியைத் தனி நிரலாக ஓட்டி, பைப் (ஒரு நிரலின் வெளியீட்டை இன்னொரு நிரலுக்கு அனுப்பும் வழி) வழியாக இணைத்திருக்கிறோம். பெரிய கோப்புகளில் வேகம் குறைந்து இழுக்கிறது.

வாரிசுகளிடம் வாங்க வேண்டிய சம்மதக் கடிதத்தைச் சரிபார்த்துத் தர, பதிப்புரிமை தெரிந்த வக்கீல் சென்னையில் யாராவது இருக்கிறார்களா? சந்தி விதிகளும் பைத்தானும் தெரிந்த, எங்கள் பழைய நிரலை இதுவரை திறந்தே பார்க்காத ஒருவரும் வேண்டும். மறுத்தவர் எழுதிய சந்தி விதிக் கோப்புக்குப் பதிலாக, இலக்கண நூலை வைத்து ஒன்றைப் புதிதாக எழுத வேண்டும். பழையதைப் பார்த்து எழுதினால் அதே சிக்கல்தான் திரும்ப வரும், அதனால் தயவுசெய்து முன்கூட்டியே திறந்து பார்க்க வேண்டாம்.